ஜீப்பில் எத்தனை பேர்?

கார்களைப் பற்றி எழுதுங்கள் என்று வாசகச் சகோதரர் ஒருவர் கடிதம் வரைந்திருந்தார். அதே கடிதத்தின் அடியில் வேறு கையெழுத்தில், அவருடைய துணைவியார் போலும், “பாட்டைப் பற்றியும் விஞ்ஞானத்தைப் பற்றியும் எழுதினால் எங்களுக்கும் படிக்க இருக்கும்” என்று ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது. இருவர் விருப்பத்தையும் தனித்தனியே நிறைவேற்ற இப்பகுதியில் இடமில்லை. நல்ல வேளையாக, எங்கள் கூடலூரில் கார், பாட்டு, விஞ்ஞானம் ஆகிய மூன்றும் ஒரே வண்டியில் அடங்கியிருக்கின்றன. அந்த வண்டி ஜீப்.

கம்பம் பள்ளத்தாக்கின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது கூடலூர். அதற்கப்பால் லோயர் கேம்ப், பிறகு மலை, மலையேறினால் குமுளி, அங்கிருந்து கேரளம். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்னும் மூன்று மலைப்பாதைகளின் வழியாகத் தேனி மாவட்டத்தின் உழைக்கும் மக்கள் நாள்தோறும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுபுஹுக்குப் பாங்கு சொல்லும் வேளையில் தூக்குவாளியும் தலைத்துணியுமாகத் தெருமுனையில் காத்திருப்பார்கள். பிற ஊர்களில் கார் என்பது வசதியின் அடையாளம். இங்கே ஜீப் என்பது அன்றைய கூலியின் அடையாளம். ஜீப்பைத் தவறவிட்டால் அன்று கூலியில்லை.

இவ்வண்டியின் வரலாறு சுவையானது. இரண்டாம் உலகப்போரின்போது, 1941 முதல், அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் படையினருக்காகப் பெருமளவில் செய்து தள்ளிய வண்டி இது. பாதையில்லாத இடத்திலும் செல்லவேண்டும், பழுதானால் போர்க்களத்திலேயே சரிசெய்ய முடியவேண்டும் என்பவையே அதன் இலக்கணம். அழகு யாருடைய நினைவிலும் இருந்திருக்காது. போர் முடிந்த பின் 1947இல் நம் நாட்டில் அதைப் பூட்டி முடிக்கத் தொடங்கிய நிறுவனத்தின் பழைய பெயரை நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ‘மஹிந்திரா அண்ட் முகம்மது’ என்பதே அது! மஹிந்திரா சகோதரர்கள் இருவரும் குலாம் முகம்மது என்பவரும் 1945இல் இரும்பு வணிகத்துக்காகத் தொடங்கிய கூட்டு அது. நாடு பிரிந்தபோது குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குச் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1951இல் கவர்னர் ஜெனரலாகவும் உயர்ந்தார். 1948இல் நிறுவனத்தின் பெயர் ‘மஹிந்திரா அண்ட் மஹிந்திரா’ ஆயிற்று. ‘எம் அண்ட் எம்’ என்ற சுருக்கத்துக்கு மட்டும் பிரிவினை தெரியவில்லை.

குதிரை வீரரைக் குறிக்கும் ‘ராவுத்தர்’ என்ற பெயரைத் தாங்கிய நம்மவர் இப்பள்ளத்தாக்கில் ஜீப் உரிமையாளராகவும் ஓட்டுநராகவும் பட்டறைக்காரராகவும் இருப்பதைக் காணும்போது, குதிரை மாறிற்றேயன்றிக் கடிவாளம் கைமாறவில்லை என்று எண்ணிக்கொள்வதுண்டு. இந்தப் பெருமையைச் சொல்லித் தட்டிக்கொடுப்பதற்காக மட்டும் இத்திங்கள் எழுதவில்லை. குதிரைக்காரர் தம் குதிரையின் முதுகில் எத்தனை பேரை ஏற்றலாம் என்பதை அறிந்திருப்பார்.

ஏலக்காய்ப் பறிப்புக் காலத்து விடியற்காலை ஒன்றில், கிளம்ப நின்ற ஜீப்பின் ஓட்டுநரிடம், “எத்தனை பேர் தம்பி?” என்று கேட்டேன். “பதினாறுதாண்ணே. இன்னும் ரெண்டு பேரு வரணும்” என்றார். ‘தான்’ என்ற சொல்லை அவர் மிக இயல்பாகப் போட்டார். உள்ளே முழங்காலோடு முழங்கால் இடிக்க அமர்ந்திருந்தவர்களில் வயது முதிர்ந்த ஓர் அம்மையாரை நோக்கி, “இப்படி நெருக்கியடித்துக்கொண்டு போகிறீர்களே, அடுத்த ஜீப் இல்லையா?” என்றேன். “உக்காந்து போக எடம் கேட்டா நாளைக்கு வேலைக்கே கூப்பிட மாட்டாக தம்பி” என்றார். பக்கத்தில் இருந்த பெண் அவர் கையை மெல்ல அழுத்தினார். அதற்குமேல் அந்த அம்மையார் ஒன்றும் பேசவில்லை.

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம்.

குமுளி மலைப்பாதையில் சென்றவர்கள், மலைச்சரிவில் இறங்கிவரும் நான்கு ராட்சதக் குழாய்களைக் கண்டிருப்பார்கள். 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பக்கம் வந்து, அக்குழாய்களில் பாய்ந்து, லோயர் கேம்ப் மின்நிலையத்தின் எந்திரங்களைச் சுழற்றிவிட்டு, பிறகு நம் வயல்களுக்குச் செல்கிறது. 1950களின் இறுதியிலிருந்து இது நடந்து வருகிறது. உயரத்தில் இருக்கும் எப்பொருளும், கீழே வரும்போது தன் ஆற்றலை எங்கேனும் கொடுத்துவிட்டே வரவேண்டும் என்பது படைப்பில் அமைந்த நியதி. ஆயிரம் லிட்டர் தண்ணீர் நானூறு மீட்டர் இறங்கினால், நம் வீட்டு மீட்டரில் ஏறக்குறைய ஒரு யூனிட் ஓடும் அளவுக்கு மின்சாரம் எடுக்கலாம். தண்ணீரின் இறக்கம் விளக்காகிறது.

அதே மலையில் ஜீப்பும் இறங்குகிறது. அதன் ஆற்றல் எங்கே போகிறது? சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக்கில் வெப்பமாகப் போகிறது. கணக்கை எளிதாகப் போடலாம். வண்டியின் எடை 1,400 கிலோ, ஆள் ஒருவருக்கு 55 கிலோ, இறக்கம் 400 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநரையும் சேர்த்து எட்டுப் பேரோடு இறங்கினால் பிறக்கும் வெப்பம், 25 லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். பதினெட்டுப் பேரோடு இறங்கினால் 32 லிட்டர். நிக்காஹ் வீட்டில் அடுப்பின்மேல் தேக்சாவை வைத்து உலைநீர் கொதிக்கும்வரை காத்திருந்த சகோதரிகளுக்கு இதன் அளவு நன்றாகத் தெரியும். அவ்வளவு நெருப்பையும் நான்கு சக்கரங்களுக்குள் இருக்கும் சிறு இரும்பு வட்டைகள் கால்மணி நேரத்தில் விழுங்கவேண்டும்.

விழுங்க முடியாதபோது என்ன நடக்கும்? வட்டை சூடேறி விரியும். அதனுள்ளே அழுத்தும் கட்டைக்கும் அதற்கும் இடைவெளி கூடும். மிதி முன்னைவிடக் கீழே இறங்கும். கட்டையில் ஒட்டிய லைனிங் அதிகமாகச் சூடேறியதும் பிடிப்பை இழக்கும். குழாயில் உள்ள பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டாலோ அதற்குள் ஆவிக்குமிழ் பிறக்கும். எண்ணெயை அமுக்க முடியாது; ஆவியை அமுக்கலாம். எனவே ஓட்டுநர் மிதிக்கும் மிதி சக்கரத்தைச் சேராமல் குமிழை அமுக்குவதோடு நின்றுவிடும். “பிரேக் பிடிக்கவில்லை” என்று நாம் செய்தியில் படிக்கும் இரண்டு சொற்களுக்குள் இத்தனை நிகழ்ச்சிகள் இருக்கக்கூடும்.

இதற்கு மருந்து பழைய ஓட்டுநர்கள் அறிந்ததே. எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்கவேண்டும். அப்போது எஞ்சினே வண்டியைப் பின்னுக்குப் பிடித்துச் சுமையில் பங்கெடுக்கும். டீசலை மிச்சம் பிடிக்கவென்று நியூட்ரலில் உருட்டினால் முழுச்சுமையும் பிரேக்கின் தலையில் விழுகிறது. எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்கும் சூரர்களும் உண்டு. பிரேக் மிதிக்குத் துணைநிற்கும் வெற்றிட அமைப்பு எஞ்சின் ஓடினால்தான் வேலை செய்யும். அணைத்த பின் இரண்டு மூன்று மிதிகளில் அதன் கையிருப்பு தீர்ந்துவிடும். பிறகு மிதி கல்லாகிவிடும். மிச்சப்படும் டீசல் ஒரு தேநீர்க் காசுக்கு வருமா என்பது ஐயமே.

மின்சார வண்டிகளில் இதற்கு ஓர் அழகான வழி கண்டிருக்கிறார்கள். இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வண்டியின் வேகத்தைப் பிடித்துக்கொண்டே மின்கலத்துக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு சின்ன லோயர் கேம்ப்! எங்கள் மலைப்பாதைகளில் அத்தகைய ஜீப்புகள் நிறைந்து ஓடும் நாளைக் காண ஆவல்தான். ஆனால் அதிலும் பதினெட்டுப் பேர் ஏறினால் என்ன ஆகும் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

ஏனெனில் பிரேக் பாதிக் கதைதான். மீதி, சுமை எங்கே அமர்கிறது என்பது. 1121ஆம் ஆண்டு வாக்கில், மர்வு நகரில் வாழ்ந்த அல்-காஸினி என்ற அறிஞர் ‘மீஸானுல் ஹிக்மா’ என்ற நூலை எழுதினார். ‘ஞானத் தராசு’ என்று பெயர் சொல்லலாம். அடிமையாக வளர்ந்து கல்வியால் உயர்ந்தவர் அவர். பொன்னில் கலப்படம் உண்டா என்று கண்டறியும் நுண்ணிய தராசைச் செய்வதே நூலின் நோக்கம் எனினும், அதற்காக எடை, சமநிலை, பளுவின் மையம் ஆகியவற்றை அவர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஒரு பொருளின் பளு முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொண்டு அதன் நிலையைக் கணக்கிடலாம் என்பதே அக்கல்வியின் உயிர்நாடி.

ஜீப்புக்கு அதைப் பொருத்திப் பார்ப்போம். உள்ளே அமர்ந்தவர்களின் பளு அச்சுகளுக்கு இடையே, தாழ்வாக இருக்கிறது. கூரையில் ஒருவர் ஏறினால் அந்தப் புள்ளி மேலே செல்கிறது. வளைவில் வண்டி சாயும்போது அது சக்கரத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியே விழுவதற்குச் சிறு சாய்வே போதும். பின்படியில் மூவர் தொங்கினால் அவர்கள் பின்னச்சுக்கும் அப்பால் நிற்கிறார்கள். தராசின் ஒரு தட்டு தாழ மறுதட்டு உயர்வதுபோல் முன்சக்கரங்களின் அழுத்தம் குறைகிறது. திசை திருப்புவது முன்சக்கரங்கள்தாமே! சறுக்கும் மழைநாளில் ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போகப் பார்க்கும். அல்-காஸினி ஜீப்பைக் கண்டதில்லை. ஆனால் பின்படியில் தொங்கும் மூவரைக் கண்டிருந்தால் இறங்கச் சொல்லியிருப்பார். ஏலக்காயைக் கிராம் கணக்கில் நிறுக்கிற நம் ஊர்களில் இந்தத் தராசை எடுத்துப் பார்ப்பார் அரிது.

பாட்டைக் கேட்ட சகோதரிக்கு இப்போது பதில் சொல்லவேண்டும். ஜீப்புக்கும் பாட்டுக்கும் இப்பள்ளத்தாக்கில் நெடுநாள் உறவு. இதே பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்தவர் இளையராஜா. அவருடைய தமையனார் பாவலர் வரதராசன், 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது மலைத்தோட்டத் தொழிலாளர் நடுவே கம்யூனிஸ்டுக் கட்சிக்காகப் பாடினார். மலைமேல் வேலைக்குப் போனவர்களைத் தேடிப் பாட்டும் மலையேறியது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஒலிநாடாக் கேஸட் எங்கள் ஜீப்புகளுக்குள் புகுந்தபின், ஒவ்வோர் ஓட்டுநரும் ஒரு சிறிய வானொலி நிலையத்தாரானார். நம்மவர் ஓட்டும் வண்டியில் காலையில் நாகூர் ஈ.எம். ஹனிபா; மாலையில் இளையராஜா. ஒலிபெருக்கியே வேண்டாத அந்தக் கம்பீரக் குரல், தேய்ந்த கேஸட்டிலும் தேயாமல் வந்தது. 2015இல் ஹனிபா அவர்கள் வஃபாத்தான செய்தி வந்த நாளில் அப்பாடல்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒலித்தன. கேஸட் போய்ப் பென்டிரைவ் வந்தது; அதுவும் போய் இப்போது கைப்பேசியிலிருந்து கம்பியில்லாமல் வருகிறது. 2025 மார்ச்சில் இலண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது, பண்ணைப்புரத்தை ஜீப்பில் கடந்து போகிறவர்களும் அதைப் பற்றிப் பேசினார்கள்.

இசை கூடுமா கூடாதா என்ற பழைய விவாதத்துக்குள் இங்கே நுழையவில்லை; இமாம் கஸ்ஸாலி அவர்களே தம் ‘இஹ்யா’வில் அதற்கென்று ஒரு தனிப்பகுதி ஒதுக்கும் அளவுக்கு அது பெரிய பொருள். நான் சொல்ல வந்தது ஒலியின் அளவைப் பற்றி. அந்த நாளைய கேஸட் கருவி பாடினால் வண்டியின் சத்தமும் கூடவே கேட்கும். இப்போது இருக்கைக்கு அடியில் பெட்டியளவு ஒலிபெருக்கி வைக்கிறார்கள். நல்ல ஓட்டுநருக்குக் கண்ணைப் போலவே காதும் கருவி. லைனிங் தேய்ந்து இரும்பு இரும்பைத் தொடும்போது எழும் கீச்சொலி, சக்கரத் தாங்கியின் முனகல், எஞ்சின் திணறும் மாற்றம், கொண்டை ஊசி வளைவுக்கு அப்பால் இருந்து வரும் ஹாரன்: இவையெல்லாம் அவருக்காகவே ஒலிக்கும் இசை. குறுகிய மலைப்பாதையில் இறங்குகிற வண்டி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. ஏறுகிற வண்டி வருவது காதில் விழுந்தால்தானே வழிவிட முடியும்! பட்டறை வைத்திருக்கும் நம் முதியவர் ஒருவர், வண்டியை உள்ளே விடுமுன் பாட்டை நிறுத்தச் சொல்வார். கேட்டுப் பார்த்தே பாதிப் பழுதைச் சொல்லிவிடுவார்.

2022 டிசம்பரில், சபரிமலை சென்று திரும்பிய ஐயப்ப பக்தர்களின் வண்டி ஒன்று குமுளி மலைப்பாதையிலிருந்து உருண்டு, நான் மேலே சொன்ன அந்த மின்நிலையக் குழாய்களின்மேல் விழுந்தது. எட்டுப் பேர் மாண்டனர். அனைவரும் தேனி மாவட்டத்தவர். அவ்விபத்தின் காரணத்தை ஆராய்வது நம் வேலையன்று. அந்தப் பாதை மன்னிக்கும் பாதையல்ல என்பதற்காகவே அதைக் குறிப்பிட்டேன்.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஏனெனில் ஆட்களை நெருக்குவது பணத்துக்காகத்தான். ஆளுக்கு இவ்வளவு என்று கூலி பேசிய வண்டியில் ஒவ்வொரு தலையும் வருமானம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, கூடுதலாக ஏற்றிய ஒவ்வோர் ஆளுக்கும் 200 ரூபாய் அபராதம். அதிகப்படி ஆட்களை இறக்கி, அவர்களுக்கு மாற்று வண்டி ஏற்பாடு செய்யும்வரை வண்டி நகரக்கூடாது என்றும் அப்பிரிவு கூறுகிறது. அபராதத்தைக் கட்டிவிடலாம் என்று நினைக்கும் உரிமையாளர்கள் அடுத்த செய்தியைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன்.

இமாசலப் பிரதேசத்தில் 42 பேருக்கு அனுமதி பெற்ற பேருந்து ஒன்று ஏறத்தாழ 90 பேரோடு விபத்துக்குள்ளானது. அவ்வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் கூறிய தீர்ப்பு இது: காப்பீட்டு நிறுவனம் 42 பேருக்கு மட்டுமே பொறுப்பு. வழங்கப்பட்ட இழப்பீடுகளில் மிக உயர்ந்த 42 தொகைகளின் கூட்டை அது கட்டவேண்டும்; அத்தொகையைப் பாதிக்கப்பட்ட அனைவரும் விகிதப்படி பங்கிட்டுக்கொள்ள வேண்டும்; குறைவதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். எங்கள் ஊர் ஜீப்புக்கு இதைப் பெயர்த்துப் பாருங்கள். ஒன்பது பேருக்குரிய காப்பீட்டைப் பதினெட்டுக் குடும்பங்கள் பிரித்துக்கொள்ளும். எஞ்சியதற்கு அவர்கள் உரிமையாளரின் வீட்டையும் நிலத்தையும் நோக்கி வருவார்கள். உரிமையாளரும் பெரும்பாலும் அதே தெருக்காரர். அன்றியும், சொந்தப் பயன்பாட்டுக்கென்று பதிந்த வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றியிருந்தால், அந்த ஒன்பது பேருக்குக்கூடக் காப்பீட்டு நிறுவனம் தகராறு செய்ய இடமுண்டு.

இதில் ஓட்டுநரை மட்டும் நோவது நியாயமாகாது. அவர் கையில் இருப்பது ஸ்டியரிங். கணக்கு வேறொருவர் கையில் இருக்கிறது. இரண்டு நடையாக ஆட்களை ஏற்றினால் டீசல் செலவு இரட்டிப்பாகும். அதைத் தோட்டக்காரர் ஏற்காவிட்டால் உரிமையாளர் ஏற்க மாட்டார். உரிமையாளர் ஏற்காவிட்டால் அந்த அம்மையார் முழங்காலை மடக்கிக்கொண்டுதான் போகவேண்டும். தோட்டம் வைத்திருப்போரிலும் நம்மவர் இருக்கிறார்கள், ஜீப் வைத்திருப்போரிலும் இருக்கிறார்கள், தூக்குவாளியோடு நிற்போரிலும் இருக்கிறார்கள். மூவரும் வெள்ளிக்கிழமை ஒரே பள்ளிவாசலைச் சேர்ந்தவர்கள் என்பதால், ஜமாஅத் பெரியவர்கள் ஒரு ஜும்ஆவுக்குப் பின் தோட்டக்காரரையும் ஜீப்காரரையும் ஒன்றாக அமர்த்தி நடைக்கூலியைப் பேசி முடிக்கலாம். பறிப்புக் காலம் தொடங்குமுன் பேசினால் நல்லது. நடுவில் பேசினால் யாருக்கும் காது கேட்காது.

தோட்டத்துக்குப் போகாத வீட்டாரும் இதைப் பிறர் கதையென்று தள்ளவேண்டாம். நிக்காஹுக்குப் போகும் வேனில், “சின்னப் பிள்ளைதானே, மடியில் வைத்துக்கொள்” என்று எத்தனை பேரை ஏற்றுகிறோம்? பள்ளிக்கூட ஆட்டோவில் ஓட்டுநரின் இருபுறமும் தொற்றியிருப்பவை யார் வீட்டுப் பிள்ளைகள்? ஒவ்வொரு வண்டியின் பதிவுச் சான்றிலும் இருக்கைகளின் எண்ணிக்கை என்று ஒரு வரி இருக்கிறது. வாடகை பேசும்போதே அதைக் காட்டச் சொல்லலாம். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பெரும்பாலும் அந்த எண் ஓட்டுநரையும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கும். எட்டு என்றிருந்தால் ஏறவேண்டியவர் ஏழு பேர்.